பழைய வீடு, சத்தம் போடும் சாமான்கள்: மாத்துறதா, சரி பண்றதா?

பாலக்கோட்டான் | 4 மார்ச் 2024, இரவு 10.40

பாலக்கோடு பக்கம் வீடு. எழுபதுகளில் கட்டினது, கல் பலகை போட்ட கூரை. ஹால் ஃபேன் டிக் டிக். ரூம் ஃபேன் உறுமல், ரெகுலேட்டரைக் குறைச்சா உறுமல் கூடுது. ஃப்ரிட்ஜ் ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஒரு உதறு உதறுது. மிக்ஸி போட்டா தெருவுக்கே தெரியும் இன்னிக்கு என்ன சட்னின்னு. வாஷிங் மெஷின் ஸ்பின்ல நடந்து கதவு வரைக்கும் வருது.

வீட்ல எல்லாரும் சொல்றது: "வயசாயிடுச்சு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு." நான் சொல்றது: முக்கால்வாசி சின்ன உதிரி சாமான்லயே சரியாகும். யார் சொல்றது சரி?

பேரிங்6202 | 4 மார்ச், 11.20

ரெண்டு பேர் சொல்றதும் பாதிதான். நீங்க சொன்ன பட்டியல்ல குறைஞ்சது ரெண்டு சாமான்ல எதுவுமே கெட்டிருக்காது. அது நிக்கிற இடமும் தொங்குற இடமும்தான் சத்தம் போடுது. அதே ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் வேற வீட்ல வெச்சா கப்சிப்னு ஓடும். அதனால உதிரி வாங்குறதுக்கு முன்னாடி, சத்தம் எங்க பிறக்குது, எங்க பெருகுதுன்னு ரெண்டையும் தனித்தனியா பிரிக்கணும்.

ஃபேனுக்கு ஒரு சோதனை. ஃபுல் ஸ்பீடுல ஓட விட்டு சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. றெக்கை இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கும். அந்த நேரத்துல காதைக் கொடுங்க. சுவிட்ச் ஆஃப் ஆன கணமே உறுமல் நின்னா கரண்ட் சம்பந்தப்பட்டது: கெப்பாசிட்டர், ரெகுலேட்டர், இன்வெர்ட்டர். ஃபேன் நிக்கிற வரைக்கும் கூடவே வந்தா மெக்கானிக்கல்: பேரிங், ஸ்க்ரூ, ராடு, கொக்கி. டிக் டிக்னு வர்றது வேகம் குறையக் குறைய மெதுவானா, ஒரு சுத்துக்கு ஒரு தடவை எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம்.

உங்க ரூம் ஃபேன் கிட்டத்தட்ட உறுதியா ரெகுலேட்டர்.

சும்மா_வந்தேன் | 5 மார்ச், காலை 7.05

ஃபேன் சத்தத்தை நிறுத்திடாதீங்க சார், அப்புறம்தான் வீட்ல யார் குறட்டை விடுறாங்கன்னு தெரியும்.

ஓசூர்_மூணாம்_ஷிஃப்ட் | 5 மார்ச், மதியம் 2.30

மேலே சொன்ன சோதனை நல்ல சோதனை. ஆனால் ஒரு திருத்தம். கரண்ட் நின்ற கணமே சத்தம் நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. பேரிங் தேய்ந்து ஆட்டம் வந்திருந்தால், கரண்ட் ஓடும்போது காந்த இழுப்பு ரோட்டாரை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை, ஒரு பக்கம் இழுத்து உரச வைக்கும். இழுப்பு நின்றதும் உரசலும் நிற்கும். காதுக்கு இது கெப்பாசிட்டர் உறுமல் மாதிரியே தெரியும்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு ஃபேன் உடம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ராடு ஆடாமல் உடம்பு மட்டும் 'கடக்' என்று ஆடினால் பேரிங். மெதுவாகக் கையால் சுற்றினால் மணல் அரைகிற மாதிரி விரலில் தெரியும்.

பேரிங்6202 | 5 மார்ச், இரவு 9.50

ஷிஃப்ட் அண்ணன் சொன்னது சரி. அதையும் சேர்த்துக்கங்க.

இப்ப ரெகுலேட்டர். வழவழன்னு திருகுற குமிழ் வெச்ச எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டோட அலையை வெட்டி வெட்டி அனுப்பும். வேகத்தைக் குறைக்கக் குறைக்க அலை ரொம்பச் சிதையும், காயில் உறுமும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு 'டக் டக்'னு படி படியா விழுற ஸ்டெப் ரெகுலேட்டர் உள்ளே கெப்பாசிட்டர் வெச்சது, அது அலையை வெட்டாது, உறுமலும் இருக்காது. அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் சூடாகும், கரண்ட் தின்னும், ஆனா சத்தம் போடாது. உங்க சுவிட்ச் போர்டுல இருக்கிறது குமிழ் வகையா இருந்தா ஸ்டெப் வகை மாத்துங்க. அதோட முடிஞ்சது.

ஃபுல் ஸ்பீடுலயும் உறுமி, காத்தும் குறைஞ்சிருந்தா கெப்பாசிட்டர். சாதாரண 48 இன்ச் ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். மீட்டர்ல வெச்சா 2-க்குக் கீழ இறங்கியிருக்கும். 'காத்து நல்லா வரும்'னு சொல்லி 3.15 போட்டு விடுற மெக்கானிக் உண்டு. 2.5-க்குச் சுத்தின காயில்ல அதைப் போட்டா சூடும் கூடும், உறுமலும் கூடும். பழைய கெப்பாசிட்டர் மேல என்ன எழுதியிருக்கோ அதேதான். கழட்டுறதுக்கு முன்னாடி அதோட ரெண்டு ஒயரையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர்ல ஒட்டவெச்சு சார்ஜை இறக்கிடுங்க.

கல்கூரை | 6 மார்ச், காலை 6.30

இதுவரை யாரும் கூரையைப் பார்க்கவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி கல் பலகை வீடுகளில் பலகையைத் துளைத்துக் கொக்கி மாட்டுவது குறைவு. சுவருக்குச் சுவர் இரும்பு பைப்போ மரச்சட்டமோ போட்டு அதில்தான் கொக்கி. சுவர் சுண்ணாம்புக் காரை. ஐம்பது வருடத்தில் பைப் முனை உட்காரும் குழியில் காரை பொடிந்து, பைப் ஒரு மயிரிழை இடைவெளியில் தாளம் போடும். ஃபேனில் லேசான அதிர்வுதான் இருக்கும், ஆனால் பைப் அதைச் சுவருக்கும் கல்லுக்கும் கொண்டுபோகும். மெத்தென்ற ஓட்டுக் கூரை கொஞ்சம் விழுங்கிவிடும். கல் விழுங்காது.

ஃபேன் ஓடும்போது ஏணி போட வேண்டாம். கீழே நின்று, றெக்கை வீச்சுக்கு வெளியே, நீளக் கழியால் பைப்பின் சுவர் முனையை மட்டும் மேல்நோக்கி அழுத்துங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ ஃபேனைத் தொடவே தேவையில்லை. பொடிந்த காரையைச் சுரண்டி எடுத்து, குழியை நனைத்து, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையை இறுக்கமாக அடைக்க வேண்டும். சும்மா மேலே பூசினால் ஒரு மாதத்தில் விரிசல் விடும். மூன்று நாளாவது தண்ணீர் காட்டி, அதுவரை ஃபேன் போடாமல் இருக்க வேண்டும். கோடையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள், வீட்டில் உங்களைத்தான் திட்டுவார்கள்.

மரச்சட்டமாக இருந்தால் முதலில் கரையான் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் சத்தத்தை மறந்துவிட்டு ஃபேனை இறக்குங்கள்.

பாலக்கோட்டான் | 7 மார்ச், இரவு 8.15

ரெகுலேட்டர் குமிழ் வகைதான். ஸ்டெப் போட்டாச்சு, ரூம் ஃபேன் அமைதி. ஹால் ஃபேன் கழியால அழுத்தினா சத்தம் மாறலை. டிக் டிக் நிக்கிற வரைக்கும் வருது. உடம்புல ஆட்டம் இல்ல. ஆனா ஃபேனே லேசா வட்டம் போடுது.

பேரிங்6202 | 7 மார்ச், 9.00

அப்ப மேலயிருந்து கீழ வாங்க. மெயின் ஆஃப்.

மேல் கப்பை இறக்குங்க. அது ராடை உரசிக்கிட்டு இருந்தாலே டிக் டிக் வரும். கொக்கியில மாட்டியிருக்கிற ரப்பர் ரீலைப் பாருங்க. பழைய ரப்பர் கருங்கல் மாதிரி இறுகி ஒரு பக்கம் தேஞ்சிருக்கும், அதை மாத்துங்க. ராடுக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு போல்ட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு ஸ்ப்ளிட் பின். பின் இல்லேன்னா சத்தம் சின்ன விஷயம், ஃபேன் தலையில விழும். ஆணியை வளைச்சுப் பின்னா போட்டிருந்தா அதையும் தூக்கிப் போட்டுட்டு சரியான பின் போடுங்க.

அடுத்தது றெக்கை ஸ்க்ரூ எல்லாத்தையும் இறுக்குங்க, வாஷரோட. வட்டம் போடுறதுக்குக் காரணம் பெரும்பாலும் றெக்கை மட்டம். கூரையில ஒரே ஒரு புள்ளி குறிச்சுக்கங்க. கையால சுத்தி ஒவ்வொரு றெக்கை நுனியையும் அந்தப் புள்ளிக்கு நேரா கொண்டுவந்து உயரத்தை அளங்க. கல் பலகை மேடு பள்ளமா இருக்கும், அதனால ஒவ்வொரு றெக்கைக்கும் வேற வேற இடத்துல அளந்தா கணக்கு தப்பும். மூணுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா, இறங்கியிருக்கிற றெக்கையோட இரும்புக் கையை லேசா மேல வளைங்க. றெக்கையைப் பிடிச்சு வளைக்கக் கூடாது, கையை மட்டும்.

அளவு சரியா இருந்தும் ஆடினா எடை. ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு றெக்கை மேல் பக்கம் நடுவுல டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பாருங்க. அப்புறம் அடுத்த றெக்கை. எதுல ஒட்டினா ஆட்டம் குறையுதோ அதுல முன்னே பின்னே நகர்த்தி இடம் பிடிங்க. அதுக்கு முன்னாடி மூணு றெக்கையையும் துடைங்க, தூசி ஒரு பக்கம் அப்பியிருந்தாலே போதும். றெக்கை செட்டா எடை பார்த்துப் போடுறது, வேற ஃபேன் றெக்கை ஒண்ணைக் கொண்டுவந்து மாட்டாதீங்க.

சும்மா_வந்தேன் | 7 மார்ச், 9.25

ஒரு ரூபாய் நாணயத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிற ஒரே இடம்.

ஓசூர்_மூணாம்_ஷிஃப்ட் | 9 மார்ச், காலை 8.40

பேரிங் மாற்ற வேண்டி வருகிறவர்களுக்காக, ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள், 'ஃபேன் பேரிங்' என்று கேட்டு வாங்காதீர்கள். சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 6202 அல்லது 6201. மேலே ஒன்று, கீழே ஒன்று வேறு எண்ணாகவும் இருக்கும். 6202 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, தடிமன் 11 மில்லிமீட்டர். 6201 என்றால் 12, 32, 10. எண் அழிந்திருந்தால் இந்த அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்றால் இரு பக்கமும் இரும்புத் தகடு. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. ஃபேனுக்கு இசட் இசட். ரப்பர் மூடி கொஞ்சம் பிடிக்கும், வேகம் குறையும். தண்ணீர் பக்கம் போகும் சாமானுக்கு, அதாவது வாஷிங் மெஷின், பம்புக்கு 2ஆர்எஸ். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கூடுதல், சூடாகும் மோட்டாருக்கானது. சீலிங் ஃபேனில் சி3 போட்டால் புது பேரிங்கே சலசலக்கும், பிறகு கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

ஃபேன் மூடியைக் கழற்றுமுன் மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். மறுபடி அதே கோட்டில்தான் சேர்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் மையம் விலகி உரசும். நடு ஷாஃப்ட் வழியாக வரும் ஒயரை இழுக்க வேண்டாம், காயில் முனை அறுந்தால் வைண்டிங் செலவு.

அடிக்கும் விதம்தான் முக்கியம். ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். மூடியில் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும். உள் வளையத்தில் அடித்து வெளி வளையத்தை இறக்கினால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அன்றைக்கே 'கிர்ர்' என்று கேட்கும். புது பேரிங் போட்டும் சத்தம் போகவில்லை என்று வருகிற பாதிப் புகார் இதுதான். வெளி வளையத்துக்குப் பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தட்டலாம். உள் வளையத்துக்கு அளவான பைப் துண்டு. மூடி அலுமினியம் என்றால் கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுத் துடைத்துவிட்டு இறக்குங்கள். விரிந்திருக்கும், தட்டவே வேண்டாம்.

ஓசூரில் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் கடைகளில் எல்லா எண்ணும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் பெட்டியில் ஒரு எண், பேரிங்கின் வளையத்தில் இன்னொரு எண் இருந்தால் வாங்காதீர்கள்.

கல்கூரை | 9 மார்ச், 11.10

பேரிங்கில் டபிள்யூடி-40 என்ற துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் போதும் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். அதற்கும் பதில் எழுதிவிடுங்கள்.

பேரிங்6202 | 9 மார்ச், 11.30

அடிச்சா ரெண்டு நாள் சத்தம் இருக்காது. உள்ள இருக்கிற கிரீஸைக் கரைச்சுடும், மூணாவது நாள் முன்னைவிட மோசம். துருப்பிடிச்ச நட்டைக் கழட்ட நல்ல சாமான், அதுக்கு வெச்சுக்கங்க. தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம், பிசினாகி ஒட்டிக்கும், மார்கழியில உறைஞ்சே போகும். பேரிங்குக்குப் பதிலா புஷ், அதாவது ஷாஃப்ட் சுத்துற உலோகக் குழல், வெச்ச பழைய டேபிள் ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. புஷ்ஷைச் சுத்தி இருக்கிற கம்பளித் துணி வளையம் ஊறணும், அது காய்ஞ்சதாலதான் கீச்சுது.

பாலக்கோட்டான் | 12 மார்ச், இரவு 9.30

ஹால் ஃபேன்ல ரப்பர் ரீல் ஒரு பக்கம் காணவே காணோம், இரும்பு மேல இரும்பு. மாத்தினதும் டிக் டிக் போச்சு. றெக்கை ஒண்ணு 7 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, அதையும் வளைச்சாச்சு. அடுத்து மிக்ஸி. வாங்கி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, 750 வாட்ஸ்.

பேரிங்6202 | 12 மார்ச், 10.05

மிக்ஸி சத்தம் போடத்தான் செய்யும். ஃபேன் நிமிஷத்துக்கு 350, 400 சுத்து. மிக்ஸி மோட்டார் பதினஞ்சாயிரத்துக்கு மேல. கேள்வி, முன்னாடி இல்லாத சத்தம் எதுன்னுதான்.

ஜார் இல்லாம ரெண்டு செகண்டு ஓட்டுங்க, அதுக்கு மேல வேண்டாம். அமைதியா இருந்தா குத்தம் ஜார்ல. ஒவ்வொரு ஜாரா தண்ணி ஊத்தி ஓட்டிப் பாருங்க, பெரும்பாலும் சட்னி ஜார்தான் முதல்ல போகும். ஜாரைக் கவுத்துப் போட்டு அடி கப்ளரை, அதாவது மோட்டாரோட கோத்துக்கிற பல்லு வெச்ச துண்டை, பக்கவாட்டுல ஆட்டுங்க. கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஆடினா புஷ் தேஞ்சுபோச்சு. ஜார் அடியில கருப்பா தண்ணி கசிஞ்சிருந்தா சந்தேகமே வேண்டாம். புஷ் மாத்தும்போது ஷாஃப்டையும் சேர்த்து மாத்துங்க. தேஞ்ச ஷாஃப்டுல புது புஷ் போட்டா மூணு மாசம்தான்.

மோட்டார் மேல இருக்கிற கப்ளர் பல்லு உருண்டிருந்தா 'கடகட'ன்னு வழுக்கும். காய்ஞ்ச மஞ்சள் கிழங்கு, கேழ்வரகு, மல்லியெல்லாம் ஜார் நிறையப் போட்டு அரைக்கிற வீட்ல கப்ளர்தான் பலி. மஞ்சளை மாவு மில்லுக்கு அனுப்புங்க. கழட்டுறதுக்கு மோட்டார் ஷாஃப்டை அடியில ஸ்க்ரூடிரைவரால பிடிச்சுக்கிட்டு கப்ளரை எப்பவும் போல இடது பக்கமா திருப்புங்க.

ஓசூர்_மூணாம்_ஷிஃப்ட் | 12 மார்ச், 10.40

'எப்பவும் போல இடது பக்கம்' வேண்டாம், உடையும். ஓட ஓட இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் கப்ளரைத் திருப்பினால்தான் கழலும். ஜாரின் அடியில் இருக்கும் கப்ளருக்கு இதற்கு நேர் எதிர், ஏனென்றால் அங்கே கப்ளர்தான் ஷாஃப்டைச் சுற்றுகிறது. முதலில் ஓட்டி, சுற்றும் திசையைப் பார்த்து அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள், பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள்.

ஜார் இல்லாமலே 'கீச்' என்று கத்தி, அடியில் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ், அதாவது சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு. நீளம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். அது உரசும் செம்பு உருளை கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் துடையுங்கள். கறுப்பு எமரி வேண்டாம், அதன் துகள் கரண்ட் கடத்தும், செம்புத் தகடுகளுக்கு இடையில் சிக்கினால் ஷார்ட். புது பிரஷ் உருளையின் வளைவுக்குப் பழகும் வரை கொஞ்சம் கீச்சிடும். அது கோளாறு அல்ல.

கல்கூரை | 13 மார்ச், காலை 6.50

மிக்ஸி எதன் மேல் இருக்கிறது? பழைய சமையலறை மேடை பெரும்பாலும் இரண்டு சின்னச் சுவர் மேல் போட்ட கடப்பா கல், அடியில் வெற்றிடம், பாத்திரம் அடுக்க. மேளத்துத் தோல் மாதிரி அது. மிக்ஸியைத் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் பாதியானால் மேடைதான். மிக்ஸியைச் சுவர் மேல் வரும் ஓரத்துக்கு நகர்த்துங்கள், கல்லின் நடுவில் வைக்காதீர்கள். நாலு காலுக்கும் அடியில் 8, 10 மில்லிமீட்டர் ரப்பர் துண்டு, பழைய டயரில் வெட்டினாலும் சரி. துண்டை மடித்துப் போடுவது வேண்டாம். அடியில் காற்று போகும் வழி அடைபட்டு மோட்டார் கருகும்.

கல்லுக்கும் சுவருக்கும் இடையில் உளியால் தட்டினால் 'டொப்' என்று கேட்கிற இடத்தில் கலவை விட்டிருக்கும். அங்கே சிமென்ட் பால் ஊற்றுங்கள்.

சும்மா_வந்தேன் | 13 மார்ச், 7.15

காவேரிப்பட்டணத்துல எங்க தெருவுல டேபிள் டாப் கிரைண்டர் காலியா ஓடினாலே லாரி வர்ற மாதிரி கேக்குது. அதுக்கும் ரப்பர்தானா?

பேரிங்6202 | 13 மார்ச், மதியம் 1.10

காலியா ஓட்டினா கல்லும் கல்லும் மோதும், அப்படித்தான் கேக்கும். அரிசி போட்டும் 'கொடக் கொடக்'னா உருளைக் கல்லோட நைலான் புஷ் தேஞ்சிருக்கும். 'கீச்'னா பெல்ட். மாவுத் தண்ணி நடு ஷாஃப்ட் வழியா இறங்கி பெல்ட்ல படும், அப்புறம் பேரிங் துருப்பிடிக்கும். பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அமுக்கினா ஒரு சென்டிமீட்டர் இறங்கணும். அதுக்கு மேல தொங்கினா வழுக்கும். விறைப்பா இருந்தா பேரிங் போகும். பெல்ட்டுக்கு எண்ணெய் போடுறவங்களுக்குக் கும்பிடு.

பாலக்கோட்டான் | 17 மார்ச், மாலை 6.00

மிக்ஸி நகர்த்தினதுலயே பாதி சத்தம் குறைஞ்சது. சட்னி ஜார் புஷ்ஷும் போட்டாச்சு. அடுத்தது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்.

ஓசூர்_மூணாம்_ஷிஃப்ட் | 18 மார்ச், காலை 9.15

ஃப்ரிட்ஜ் நிற்கும்போது உதறினால், கம்ப்ரஸரின் நாலு காலில் இருக்கும் ரப்பர் புஷ் இறுகிப்போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்னால் பாருங்கள். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், அந்தப் பக்கத்தை மட்டும் சில மில்லிமீட்டர் தூக்கி. நாலையும் ஒன்றாகக் கழற்றித் தூக்கினால் செம்புக் குழாய் ஒடியும், கேஸ் போகும். கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது எரியும் கேஸ். குழாயில் கை வைக்கும் வேலை எதுவும் வீட்டில் வேண்டாம்.

கம்ப்ரஸரைப் பார்க்கும் முன் எளிய இரண்டு: பின்பக்கக் குழாய்கள் ஒன்றோடொன்றோ உடம்போடோ தொட்டுக்கொண்டிருந்தால் இடையில் சைக்கிள் டியூப் துண்டு. கம்ப்ரஸர் மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டு தளர்ந்திருந்தால் அதுவும் பல்லைக் கடிக்கும். முன்பக்கக் கால்கள் ஒரு மயிர் உயரமாக இருக்கட்டும், கதவு தானாக மூடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் ஃப்ரீசர் பக்கம் 'டரடர' என்றால் உள் ஃபேன் றெக்கை பனியில் இடிக்கிறது. ஒரு நாள் முழுக்க ஆஃப் செய்து கதவைத் திறந்து வைத்தால் போகும். ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பி வந்தால் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் வரிசையில் கோளாறு. கத்தியால் பனியைக் குத்துகிறவர்கள் ஃப்ரிட்ஜை அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம்.

பேரிங்6202 | 18 மார்ச், இரவு 8.45

வாஷிங் மெஷின் நடந்து வர்றதுக்கு நூத்துக்கு எண்பது காரணம் தரை. பழைய வீட்டு பாத்ரூம் தரை தண்ணி போறதுக்காக சரிவா போட்டிருப்பாங்க. எதிரெதிர் மூலையை அமுக்கிப் பாருங்க, ஆடினா கால் மட்டம் இல்ல. காலைத் திருகி மட்டம் பார்த்தப்புறம் லாக் நட்டை மேல்நோக்கி இறுக்கணும். அதை விட்டுட்டா நாலாவது துவைப்புல கால் தானே சுத்திக் குறைஞ்சிடும். தரையில ஒரு கல் மட்டும் அடியில மண்ணு இறங்கி ஆடுதான்னும் பாருங்க.

டாப் லோடுன்னா தொட்டியை ரெண்டு கையால நேரா கீழ அமுக்கி விடுங்க. ஒரு தடவை மேல வந்து நின்னா நல்லது. ஊஞ்சல் மாதிரி நாலஞ்சு தடவை ஆடினா சஸ்பென்ஷன் ராடு போச்சு. நாலையும் செட்டா மாத்தணும், ஒண்ணு மட்டும் புதுசு போட்டா தொட்டி சாயும். ஃப்ரண்ட் லோடுன்னா டிரம் மேல் விளிம்பைப் பிடிச்சுத் தூக்குங்க. ஆட்டம் இருந்து, ஸ்பின்ல விமானம் கிளம்புற சத்தம் வந்தா பேரிங். அதுல ஆயில் சீலையும் சேர்த்து மாத்தலேன்னா ஆறு மாசத்துல மறுபடி. பேரிங் தானா கெடலை, சீல் வழியா தண்ணி போய்த்தான் கெட்டது. தண்ணி வெளிய போகும்போது மட்டும் 'கடகட'ன்னா பம்பு ஃபில்டரைத் திறங்க: காசு, ஊக்கு, சட்டைப் பித்தான்.

கல்கூரை | 18 மார்ச், 9.20

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரையும் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் ஃப்ளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். குடிக்க அந்தத் தண்ணீர், துவைக்கவும் குளிக்கவும் இன்னும் பல வீட்டில் போர்வெல் தண்ணீர். அந்தப் போர்வெல் தண்ணீரின் உப்பு கீசருக்குள் ஹீட்டர் மேல் ஓடாகப் படியும். ஓட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடிப்பதுதான் 'பட் பட்' சத்தம். ஹீட்டரைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்ட வெந்நீரில் ஊற வையுங்கள். சுத்தியலால் தட்டக் கூடாது. வாஷிங் மெஷின் டிரம்முக்கும் சிட்ரிக் ஆசிட்தான், 100 கிராம், துணி போடாமல் வெந்நீர் சுற்று. அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

ஓசூர்_மூணாம்_ஷிஃப்ட் | 19 மார்ச், காலை 8.00

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. கிணற்று மோட்டாரில் கல் உருளும் சத்தம் வந்தால் பேரிங்கை மாற்றுவதற்கு முன் ஃபுட் வால்வை, அதாவது உறிஞ்சு குழாயின் அடி முனை வால்வை, பாருங்கள். உறிஞ்சு குழாயில் தடையோ காற்றுக் கசிவோ இருந்தால் தண்ணீருக்குள் குமிழி உண்டாகி, பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் சக்கரத்தில் வெடிக்கும். கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர் உறிஞ்சலாம். ஓசூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதே கணக்கு 9.3 மீட்டர் பக்கம்தான் வரும், நடைமுறையில் ஆறரை மீட்டர் தாண்டினாலே திணறும். கோடையில் கிணற்று மட்டம் இறங்கும்போது மோட்டார் சத்தம் கூடுவது இதனால். மோட்டாரைக் கீழே இறக்குவதுதான் வழி.

ஸ்டார்ட்டர் பெட்டி மட்டும் உறுமினால், உள்ளே காந்தத்தால் இயங்கும் சுவிட்சான கான்டாக்டரின் காந்த முகத்தில் தூசியோ துருவோ. துடைத்தும் உறுமினால் அந்த முகத்தில் பதித்திருக்கும் செம்பு வளையம் விரிசல் விட்டிருக்கும், கான்டாக்டரையே மாற்ற வேண்டும். விவசாய மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மட்டும் உறுமினால் வோல்டேஜ் குறைவு.

சும்மா_வந்தேன் | 19 மார்ச், 8.20

கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் எல்லா ஃபேனும் பஜனை பாடுதே?

பேரிங்6202 | 19 மார்ச், 8.50

கரண்ட் அலையைச் சதுரமா அனுப்புற ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அலை வழவழன்னு வர்ற சைன் வேவ் வாங்கினா பஜனை நிக்கும். ஃபேன்ல ஒண்ணும் இல்ல.

பாலக்கோட்டான் | 24 மார்ச், இரவு 9.10

வாஷிங் மெஷின் லாக் நட்டுதான். இப்ப நின்ன இடத்துல நிக்குது. ஃப்ரிட்ஜ் ரப்பர் நாலும் மாத்தியாச்சு, உதறல் இல்ல. வீட்ல கேள்வி மாறிடுச்சு: "ஃபேன் மட்டுமாவது புதுசு வாங்கலாமா, கரண்ட் பில் குறையுமாமே?"

இன்னொண்ணு. ஃப்ரிட்ஜ் பக்கம் இப்ப ராத்திரியில 'டக்... ம்ம்ம்... டக்'னு கேக்குது. முன்னாடி மத்த சத்தத்துல தெரியல.

ஓசூர்_மூணாம்_ஷிஃப்ட் | 25 மார்ச், காலை 7.45

முதல் கேள்வியில் உங்கள் வீட்டார் பக்கம் நியாயம் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட்ஸ், கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட், இரண்டு மாத பில்லில் 40 யூனிட் மிச்சம். நாள் முழுக்க ஓடும் ஹால் ஃபேனை மாற்றலாம். எப்போதாவது ஓடும் அறைக்கு வேண்டாம். மாற்றினால் அந்த இடத்து ரெகுலேட்டரை ஒயரிங்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் புது ஃபேனும் உறுமும். கொக்கி, ரப்பர் ரீல் விஷயம் புது ஃபேனுக்கும் அதேதான்.

'டக், ம்ம்ம், டக்' என்றால் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல், ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டை வெட்டுகிறது. கிளம்பும் நேரத்தில் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். 180-க்குக் கீழே இறங்கினால் லைன் அல்லது ஸ்டெபிலைசர். வோல்டேஜ் சரியாக இருந்தால் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே, அது சின்னச் செலவு. ரிலே மாற்றியும் அப்படியே என்றால் கம்ப்ரஸர், அந்த வயது ஃப்ரிட்ஜுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

அதோடு, அந்த நேரத்தில் வேறு அறையில் விளக்கு மங்குகிறதா, அல்லது பிரகாசமாகிறதா? பிரகாசமானால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. உடனே மெயினை ஆஃப் செய்து மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டில் 'சர்ர்' என்று பொரிகிற சத்தம் கேட்டாலும் அதேதான், முதலில் மெயின். பழைய அலுமினிய ஒயர் ஜாயின்ட் தளர்ந்தால் அப்படித்தான் எரிய ஆரம்பிக்கும்.

பாலக்கோட்டான் | 27 மார்ச், இரவு 8.30

விளக்கில் மாற்றம் இல்லை. சுவர் பிளக்கில் 215. ஸ்டெபிலைசர் தாண்டி ஃப்ரிட்ஜ் பிளக்கில் கிளம்பும்போது 170. ஸ்டெபிலைசரைத் திறந்தா, அதுக்குள்ள இருக்கிற ரிலே முழுக்க எறும்பு.

பேரிங்6202 | 27 மார்ச், 8.45

கான்டாக்டுக்கு நடுவுல நசுங்கின எறும்பு கருகி ஒட்டியிருக்கும். துடைச்சு ஓட்டாதீங்க, ரிலேவை மாத்துங்க, எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும், மேல எழுதியிருக்கிற காயில் வோல்டேஜும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்க. பெட்டியோட காத்து ஓட்டையில கொசுவலை ஒட்டுங்க, சுவத்துல மாட்டுங்க, தரையில வேண்டாம். அதுவரைக்கும் வோல்டேஜ் 215 நிலையா இருந்தா ஃப்ரிட்ஜை நேரா சுவர் பிளக்ல போடலாம்.